வாக்குச்சீட்டில் பெயர் ஏறும் முன்

குடியுரிமை கிடைத்தபின் நான் வாக்களிக்கப் போன முதல் தேர்தல், ஒரு பிரைமரி. அதிபர் வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று கட்சிகள் தங்கள் வாக்காளர்களையே கேட்கும் முதற்கட்டத் தேர்தல். பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே முதல் வாக்கை அவள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நீளமான மேசைகள் போட்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் என் பெயரைக் கண்டுபிடித்தார், திரையை ஒருமுறை பார்த்தார், பிறகு மெல்லிய ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் பள்ளிக் குழுவுக்குப் போட்டியிடுகிறவர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. பதிவு செய்தபோது ‘எந்தக் கட்சியையும் சேராதவர்’ என்ற கட்டத்தில் குறி வைத்திருந்தேன். நான் இருக்கும் மாநிலத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு கிடையாது. பெரியவர் அதைப் பொறுமையாகத்தான் சொன்னார். நவம்பரில் வாருங்கள், அப்போது எல்லோரும் வாக்களிக்கலாம் என்றார்.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: “நவம்பர்ல ரெண்டு பேரு பேருதானேம்மா இருக்கும்? அந்த ரெண்டு பேரை எடுக்கிறது யாரு?” கட்சிக்காரர்கள் என்றேன். “அவங்களுக்கு யாரு சொன்னாங்க எடுக்கச் சொல்லி?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சட்டம் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று இரவே அரசமைப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அதிபருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்கள் வாக்களிக்கும் நாளைக் குறிப்பது யார், வாக்குகளை எண்ணுவது யார், சமமாக வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இருக்கிறது. வேட்பாளர்களை யார் நிறுத்துவது என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வெற்றிடம் எனக்குள் பல மாதங்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தது. அமெரிக்கக் குடியரசின் முதல் ஐம்பது ஆண்டுகளைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

விட்டுவைத்த இடம்

1787 கோடையில் அரசமைப்புச் சட்டத்தை எழுத பிலடெல்பியாவில் கூடியவர்களுக்கு அதிபரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் மிகவும் இழுபறியான கேள்விகளில் ஒன்று. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். விர்ஜினியாவின் ஜார்ஜ் மேசன், அந்தப் பொறுப்பை மக்களிடம் விடுவது கண் தெரியாதவரிடம் நிறங்களைப் பிரித்துச் சொல்லக் கேட்பதைப் போன்றது என்றார். அந்த உவமை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதை ஒட்டி அவர் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட முடியவில்லை: நாடு இவ்வளவு பெரியது, ஜார்ஜியாவில் இருக்கும் விவசாயிக்கு மாசசூசெட்ஸில் இருக்கும் ஒருவரைப் பற்றி என்ன தெரியும்? கடிதம் போய்ச்சேரவே வாரக்கணக்கில் ஆன காலம் அது. செப்டம்பரில்தான் ஒரு குழு உட்கார்ந்து எலெக்டர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் சில பெரியவர்களை நியமிக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பெயர்களுக்கு வாக்களிப்பார்கள். அதில் ஒருவராவது வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும். யாருக்கும் பெரும்பான்மை இல்லாவிட்டால், முன்னால் நிற்கும் ஐவரிலிருந்து, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை ஒருவரை எடுக்கும். இருபதில் பத்தொன்பது முறை அப்படித்தான் முடியும் என்று மேசன் கணித்தார்.

இதை முதலில் படித்தபோது விளங்காத ஒன்று அப்புறம் விளங்கியது. அவர்கள் மனத்தில் எலெக்டர்கள்தான் வேட்பாளரை முன்மொழிகிறவர்கள். நாடு முழுவதும் அவரவர் ஊரில் யோசித்து நல்ல பெயர்களைச் சொல்வார்கள், அவற்றில் மேலே வந்தவர்களிலிருந்து சபை தேர்ந்தெடுக்கும். வேட்பாளரை நிறுத்துவது என்ற தனிக் கட்டம் தேவைப்படும் என்றே அவர்கள் நினைக்கவில்லை. கட்சி என்பதையே ஒரு நோயாகக் கருதியவர்கள் அவர்கள்.

ஜார்ஜ் வாஷிங்டன் இருந்தவரை இது ஓடியது. முதல் தேர்தலில் 69 எலெக்டர்களும் அவருக்கே வாக்களித்தார்கள். 1796-இல் அவர் விலகியதும் ஏற்பாடு ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு பென்சில்வேனியாவில் சாமுவேல் மைல்ஸ் என்பவர் ஃபெடரலிஸ்ட் கட்சி சார்பில் எலெக்டராகத் தேர்வாகி, அந்தக் கட்சியின் ஜான் ஆடம்ஸுக்குப் பதில் எதிரணியின் தாமஸ் ஜெஃபர்சனுக்கு வாக்களித்துவிட்டார். சுயமாகச் சிந்தித்து வாக்களிப்பதற்குத்தானே எலெக்டர்? ஆனால் கொதித்துப்போன வாக்காளர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார்: எனக்காக யோசிப்பதற்கா அவரைத் தேர்ந்தெடுத்தேன்? இல்லை, செயல்படத்தான் தேர்ந்தெடுத்தேன், சிந்திக்க அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்குள் மேசனும் வில்சனும் மண்டையை உடைத்துக்கொண்டு கட்டியது வெறும் தபால்காரர் வேலையாகிவிட்டது. முடிவு வேறெங்கோ எடுக்கப்பட வேண்டும். எங்கே?

தலைநகரில் ஒரு கூட்டம்

1800 மே மாதம், தலைநகரம் இன்னும் பிலடெல்பியாவில் இருந்தபோது, இரண்டு கட்சிகளின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களும் தனித்தனியே சத்தமில்லாமல் கூடினார்கள். ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்கள் (இன்றைய ரிபப்ளிகன் கட்சி அல்ல) கூடியது ஒரு தங்கும் விடுதியில். அதிபருக்கு ஜெஃபர்சன் என்பதில் கேள்வியே இல்லை, துணை அதிபருக்கு யார் என்பதுதான் பேச்சு. நியூயார்க்கின் ஆரன் பர் என்று முடிவாயிற்று. கட்டுப்பாடு அளவுக்கு மேலேயே வேலை செய்துவிட்டது. எல்லா எலெக்டர்களும் சொன்னபடி இரண்டு பெயரையும் எழுத, இருவருக்கும் 73 வாக்குகள். யார் அதிபர் என்பதைப் பிரதிநிதிகள் சபை 36 சுற்று வாக்கெடுத்துத்தான் தீர்த்தது. அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்க வேண்டும் என்ற பன்னிரண்டாவது திருத்தம் 1804-இல் வந்தது அதனால்தான். இந்தக் கூட்டங்களைக் காக்கஸ் என்றார்கள். 1804-இலிருந்து ரிபப்ளிகன்கள் அதை வெளிப்படையாகவே நடத்தத் தொடங்கினார்கள்.

ஏன் காங்கிரஸ் உறுப்பினர்கள்? அவர்கள் ஏற்கெனவே ஒரே ஊரில் இருந்தார்கள், அவ்வளவுதான். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் ஒன்றாக உட்காரும் இடம் அது ஒன்றே. பயணச் செலவு கிடையாது, தனியாக நாள் குறிக்க வேண்டியதில்லை. ஒரு பொதுக் கட்டடத்தில் மாலையில் நாற்காலி போட்டால் போதும். ஒரு பெரிய அதிகாரம் இத்தனை சாதாரணமான காரணத்துக்காக ஒரு கூட்டத்தின் கைக்குப் போனது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பறித்துக்கொள்ளவில்லை. ஆளில்லாமல் கிடந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்ப்பும் கூடவே இருந்தது. 1808-இல் வெர்மாண்ட் செனட்டர் ஸ்டீபன் பிராட்லி, போன முறை கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவன் என்ற உரிமையில் தானே அறிக்கை விட்டுக் கூட்டம் கூட்டினார். விர்ஜினியாவின் எட்வின் கிரே இது அதிகார அபகரிப்பு என்று எழுதி, வர மறுத்தார். கூட்டத்தில் ஜேம்ஸ் மேடிசனுக்கு 83, ஜேம்ஸ் மன்றோவுக்கு 3, ஜார்ஜ் கிளின்டனுக்கு 3. ஜான் ராண்டால்ஃப் உள்ளிட்ட 17 உறுப்பினர்கள் கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். அதிபர் காங்கிரஸுக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும் என்பதற்காகவே எலெக்டர் முறை வந்தது, காங்கிரஸே அவரை நிறுத்தினால் அவர் யாருக்குக் கடன்பட்டவர்? நியாயமான கேள்விதான். 1812 மே மாதம் மேடிசனை மறுபடி நிறுத்திய காக்கஸுக்கு ஒரு மாதம் கழித்து பிரிட்டனோடு போர் அறிவிக்கப்பட்டபோது, போருக்குச் சம்மதித்ததற்கு விலைதான் அந்த வாய்ப்பு என்று எதிராளிகள் பேசினார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் அப்படிப் பேச இடம் கொடுத்ததே அந்த முறையின் குறை.

என்னை அதைவிட அதிகமாகத் தைத்தது வேறு ஒன்று. 1808-இல் கனெக்டிகட்டிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன எழுவரும் ஃபெடரலிஸ்டுகள், இரண்டு செனட்டர்களும் ஃபெடரலிஸ்டுகள். அப்படியென்றால் கனெக்டிகட்டில் இருந்த ஆயிரக்கணக்கான ரிபப்ளிகன் வாக்காளர்களுக்காக அந்தக் கூட்டத்தில் பேச ஒரு ஆள் இல்லை. கட்சி அவர்களுடையது, வேட்பாளர் அவர்களுடைய வேட்பாளர், ஆனால் தேர்ந்தெடுத்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. எதிர்க்கட்சி வென்ற தொகுதியில் குடியிருந்தார்கள் என்பது மட்டுமே காரணம். இதைப் படித்தபோது எனக்கு அந்த உடற்பயிற்சிக் கூடம் நினைவுக்கு வந்தது. அவர்களுக்கும் யாரோ ஒருவர் மெல்லிய தாளைத்தான் நீட்டியிருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும், ஒரு கட்டத்தில் நான் காக்கஸின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். அது தங்களைத் தவிர மற்றவர்களுக்குக் கதவடைத்த கூட்டம்தான். ஆனால் அங்கே இருந்தவர்கள் வேட்பாளர்களோடு ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வேலை செய்தவர்கள். யார் பொறுமைசாலி, யார் சொன்ன சொல் தவறுபவர், யாருக்குக் கணக்குத் தெரியும், யாருக்குக் கோபம் வந்தால் அடங்காது என்று நேரில் பார்த்தவர்கள். ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ மூவரும் அந்த வழியில்தான் வந்தார்கள். இன்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நாம் எடுக்கும் முடிவைவிட அது மோசமா? பழகியவர்களுக்கு ஆளைத் தெரியும் என்ற இந்த வாதம் எனக்கு ரொம்பவே நியாயமாகப்பட்டது. நண்பர்களிடம்கூட அப்படிப் பேசியிருக்கிறேன். 1824-ஐப் படிக்கும்வரை.

1824 பிப்ரவரி 14, சனிக்கிழமை மாலை

கதை 1816-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு காக்கஸில் மன்றோவுக்கு 65 வாக்கு, ஜார்ஜியாவைச் சேர்ந்த வில்லியம் கிராஃபோர்டுக்கு 54. மன்றோவை எதிர்த்து நிற்க விரும்பவில்லை என்று கிராஃபோர்டு சொல்லியும் அத்தனை பேர் அவர் பெயரை எழுதினார்கள். மூத்தவருக்கு வழிவிட்டவர் என்பதால் அடுத்த முறை அவர்தான் என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். மன்றோவின் எட்டு ஆண்டுகளும் அவர் கருவூலச் செயலராக இருந்தார். இடையில் ஃபெடரலிஸ்ட் கட்சி கரைந்துபோனது. 1820-இல் காக்கஸுக்கு வந்தவர்களே கொஞ்சம் பேர்தான், யாரையும் நிறுத்தாமல் கலைந்தார்கள். எதிர்த்து நிற்கவும் ஆளில்லை, மன்றோ 231 எலெக்டர் வாக்குகள் வாங்கினார், எதிராக விழுந்தது ஒன்று. ஒரே கட்சி, ஒரே வாசல். அந்த வாசலைத் தாண்டுகிறவர்தான் அதிபர் என்ற நிலை வந்தபோது வாசல்காரர்கள்மேல் எல்லோருக்கும் ஆத்திரம் வந்தது. ‘கிங் காக்கஸ்’ என்று பத்திரிகைகள் திட்டத் தொடங்கின. மன்னரை விரட்டிவிட்டு வந்த நாட்டில் அதைவிடக் கடுமையான வசை ஏது?

1822 ஜூலையில் டென்னசி சட்டமன்றத்தினர் ஆண்ட்ரூ ஜாக்சனை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்தார்கள். நவம்பரில் கென்டக்கி ஹென்றி கிளேயை. அடுத்து நியூ இங்கிலாந்தில் ஜான் குவின்சி ஆடம்ஸை. போர்த்துறைச் செயலராக இருந்த கால்ஹூனும் களத்தில் இருந்தார். எல்லோரும் ஒரே கட்சி. கிராஃபோர்டுக்குத்தான் காக்கஸில் பலம், அதனால் மற்ற நால்வரின் ஆட்களும் காக்கஸே கூடாது என்றார்கள்.

1823 இலையுதிர்காலத்தில் கிராஃபோர்டு நோயில் விழுந்தார். பக்கவாதம் என்றே இன்று கருதுகிறார்கள். சில காலம் பேச்சு போய்விட்டது, கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது, கை எழுதவில்லை. கருவூலத் தாள்களில் அவர் கையெழுத்தை முத்திரையாகச் செய்து பதித்தார்கள். எவ்வளவு மோசம் என்பதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அவரை நிறுத்தும் வேலையை முன்னின்று செய்தவர் நியூயார்க்கின் செனட்டர் மார்ட்டின் வான் பியூரன். கட்சியின் வழக்கப்படி காக்கஸ் கூட வேண்டும், காக்கஸ் சொன்னால் கட்சி கேட்கும் என்று நம்பியவர்.

பிப்ரவரியில் ‘நேஷனல் இன்டெலிஜென்சர்’ பத்திரிகையில் 11 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட அழைப்பு வந்தது. கூடவே 24 பேர் கையெழுத்திட்ட இன்னொரு அறிவிப்பு: காங்கிரஸின் 261 உறுப்பினர்களில் 181 பேர் இந்தக் கூட்டம் வேண்டாம் என்கிறார்கள். 14-ஆம் தேதி மாலை, பிரதிநிதிகள் சபை மண்டபத்தில் கூட்டம். பார்வையாளர் மாடத்தில் கூட்டம் நெரிந்தது, கீழே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வந்தவர்கள் 66 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நியூயார்க், விர்ஜினியா, வட கரோலினா, ஜார்ஜியா ஆகிய நான்கே மாநிலத்தவர். தள்ளிவைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது, ஏற்கப்படவில்லை. வராத இருவர் அனுப்பிய வாக்குகளையும் சேர்த்து எண்ணினார்கள். கிராஃபோர்டுக்கு 64, ஆடம்ஸுக்கு 2, இன்னும் இருவருக்கு ஒவ்வொன்று. தேர்ந்தெடுத்தாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழகியவர்களுக்கு ஆளைத் தெரியும் என்று நம்பியிருந்தேனே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம், தெரியும். அந்த மண்டபத்தில் இருந்த முக்கியமானவர்களுக்குக் கிராஃபோர்டின் நிலை, தெருவில் போகிறவனைவிட எத்தனையோ மடங்கு தெரியும். எழுந்துவிடுவார் என்று நம்பினார்கள், நம்ப விரும்பினார்கள். எட்டு ஆண்டுகளாக அவருக்குச் சேர வேண்டியது என்ற கணக்கு இருந்தது, அவரோடு சேர்த்துக் கட்டப்பட்ட பல பேருடைய எதிர்காலம் இருந்தது. அருகில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தெரியும் என்பதும் உண்மை, அருகில் இருப்பதாலேயே தெரிந்ததைச் சொல்ல முடியாமல் போகிறது என்பதும் உண்மை. நான் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடியிருக்கிறேன். கிராஃபோர்டின்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பேச முடியாமல் படுத்திருந்த ஒரு மனிதரின் பெயரை ஒரு மண்டபத்தில் 64 தடவை படிக்கிறார்கள். அவருக்காக வருத்தமாக இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வராமல் போனவர்கள் யாரும் மக்களிடம் போய்க் கேட்கவில்லை. அவர்களும் அவரவர் மாநிலச் சட்டமன்றத்தில், அவரவர் ஆட்களோடு, இதே வேலையைத்தான் முடித்திருந்தார்கள். ஒரு பெரிய அறைக்குப் பதிலாகப் பல சின்ன அறைகள். ஹாரிஸ்பர்கில் மார்ச் 4-ஆம் தேதி கூடிய பென்சில்வேனியா மாநாடு கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே கால்ஹூனுக்கு எதிர்பார்த்த ஆதரவு அத்தனையும் ஜாக்சனுக்குப் போயிற்று, கால்ஹூன் துணை அதிபர் இடத்தோடு நின்றுகொண்டார். கீழே இருந்து வந்த வேகம் அது. தலைவர்கள் போட்ட கணக்கை அது கலைத்தது.

அந்த ஆண்டு 24 மாநிலங்களில் 18-இல் எலெக்டர்களை வாக்காளர்களே தேர்ந்தெடுத்தார்கள், ஆறில் மட்டும் சட்டமன்றம். வாக்காளர்கள் என்றால் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். பெண்கள் இல்லை, அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இல்லை, சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவரிலும் மிகச் சிலரே. அடிமைகளாக இருந்தவர்களை ஐந்தில் மூன்று பங்கு என்று எண்ணி, அந்தக் கணக்கில் தென் மாநிலங்களுக்குக் கூடுதல் எலெக்டர்கள் கிடைத்தார்கள். கிங் காக்கஸை வீழ்த்தி மக்கள் வென்றார்கள் என்று எழுதுகிற நூல்களில் ‘மக்கள்’ என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு இது உறுத்துகிறது. என்னைப் போன்ற ஒருத்தி அன்று எந்த அறையின் வாசலுக்கும் போயிருக்க முடியாது.

முடிவு: ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, கிளேக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. பன்னிரண்டாவது திருத்தத்தின்படி முதல் மூவரிலிருந்து பிரதிநிதிகள் சபை எடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1825 பிப்ரவரி 9. அதே மண்டபம், ஓராண்டுக்கு ஐந்து நாள் குறைவு. இல்லினாய்ஸுக்கு இருந்த ஒரே உறுப்பினர் டேனியல் குக்கின் வாக்கும் நியூயார்க்கின் 34 உறுப்பினர்களின் வாக்கும் ஒரே எடை. நியூயார்க் சரிபாதியாகப் பிளந்து நிற்க, ஸ்டீபன் வான் ரென்சலேர் என்ற முதியவர் ஆடம்ஸ் பெயரைப் போட்டார், நியூயார்க் ஆடம்ஸுக்குப் போயிற்று. தலையைக் குனிந்து பிரார்த்தித்துக் கண் திறந்தபோது காலடியில் ஆடம்ஸ் பெயரெழுதிய சீட்டு கிடந்தது, அதையே போட்டார் என்று வான் பியூரன் பின்னாளில் எழுதிவைத்தார். எவ்வளவு உண்மையோ. முதல் சுற்றிலேயே ஆடம்ஸுக்கு 13 மாநிலங்கள், ஜாக்சனுக்கு 7, கிராஃபோர்டுக்கு 4. ஆடம்ஸை ஆதரித்த கிளே வெளியுறவுச் செயலர் ஆனார். ஊழல் பேரம் என்று ஜாக்சனின் ஆட்கள் நான்கு ஆண்டுகள் முழங்கினார்கள். 1828-இல் ஜாக்சன் 178-க்கு 83 என்று ஆடம்ஸைத் தோற்கடித்தார்.

காக்கஸைப் பூட்டியபோது சாவி மக்களிடம் வந்துவிடும் என்று நினைத்தார்கள். வடிகட்டும் இடம் ஒன்று இல்லாமல் போனதும் நால்வர் நின்றார்கள், வாக்கு சிதறியது, முடிவு மறுபடி அதே மண்டபத்துக்கே போனது. எனக்கு இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று பல நாள் தெரியவில்லை.

பால்டிமோர்

இன்றைய கட்சி மாநாட்டு முறையை முதன்முதலில் தேசிய அளவில் செய்து காட்டியவர்கள் பெரிய கட்சிக்காரர்கள் இல்லை. 1826-இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியாவில், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சகோதரச் சங்கத்தின் உள்விஷயங்களை வெளியிடுவேன் என்று சொன்ன வில்லியம் மார்கன் கடத்தப்பட்டுக் காணாமல் போனார். அந்தக் கோபத்திலிருந்து முளைத்த ஃப்ரீமேசன் எதிர்ப்புக் கட்சி, 1831 செப்டம்பரில் பால்டிமோரில் கூடியது. 13 மாநிலங்களிலிருந்து 116 பேராளர்கள். அவர்கள் ஏன் காக்கஸ் கூட்டவில்லை என்றால், காங்கிரஸில் அவர்களுக்குக் கூட்டம் போடுகிற அளவுக்கு ஆளே இல்லை. கனெக்டிகட் ரிபப்ளிகன்களின் அதே பிரச்சினை. உள்ளே ஆளில்லாதவர்கள் வெளியே ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். நான்கில் மூன்று பங்கு வாக்கு வாங்கினால்தான் வேட்பாளர் என்று விதி வைத்தார்கள். முன்னாள் தலைமை வழக்கறிஞர் வில்லியம் விர்ட்டை நிறுத்தினார்கள். அவர் ஒரு காலத்தில் ஃப்ரீமேசனாக இருந்தவர், அதை மறைக்காமல் கடிதம் எழுதிச் சொன்னார், அப்படியும் ஏற்றுக்கொண்டார்கள். 1832-இல் வெர்மாண்டின் ஏழு எலெக்டர் வாக்குகள் மட்டுமே கிடைத்தன, கட்சி சில ஆண்டுகளில் மறைந்தது. அவர்கள் செய்துகாட்டிய முறை இருநூறு ஆண்டுகளை நெருங்குகிறது.

டிசம்பரில் கிளேயின் கட்சி அதே ஊரில் கூடியது. 1832 மே மாதம் ஜாக்சனின் கட்சியும் அங்கேயே. அங்கே துணை அதிபர் வேட்பாளராகத் தேர்வானவர் யார் தெரியுமா? மார்ட்டின் வான் பியூரன். கடைசிக் காக்கஸை முன்னின்று நடத்திய அதே மனிதர். 1827 ஜனவரியிலேயே ரிச்மண்ட் பத்திரிகையாசிரியர் தாமஸ் ரிச்சிக்கு எழுதிய கடிதத்தில், காக்கஸுக்குப் பதிலாகத் தேசிய மாநாடு கூட்டலாம் என்று அவர் யோசனை சொல்லியிருந்தார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. 1824-இன் காலி நாற்காலிகளை அவர் கண்ணால் பார்த்தவர். யாராவது சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தே ஆக வேண்டும், ஆனால் அந்த முடிவை மற்றவர்கள் தங்களுடையதாக ஏற்க வேண்டும் என்றால் அவர்களுடைய ஆளும் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் புரிந்துகொண்டதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மாநாடு தூய்மையான இடம் இல்லை. 1835-இல் ஜாக்சன் கட்சியின் இரண்டாவது மாநாட்டுக்கு டென்னசி யாரையும் அனுப்பவில்லை. பால்டிமோரில் தற்செயலாக இருந்த ஒரு டென்னசிக்காரரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, மாநிலத்தின் 15 வாக்குகளையும் அவரையே போடவைத்தார்கள். வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று அந்தக் கட்சி 1832-இல் வைத்த விதி 1936 வரை நீடித்து, எத்தனையோ நல்ல பெயர்களை முடக்கியது. இருந்தாலும் ஊர்க் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று படிப்படியாக ஆள் அனுப்பும் வழி ஒன்று வந்தது. தங்கள் தொகுதியில் தோற்றுக்கொண்டே இருந்த கட்சிக்காரர்களுக்கும் ஒரு பேராளர் கிடைத்தார். அதற்கு ஒரே நிபந்தனை, அந்த ஊர்க் கூட்டத்துக்கு நடந்து போயிருக்க வேண்டும்.

சென்ற கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். பழைய பிரதிநிதிகள் சபை மண்டபம் இன்று சிலைகள் வைத்த கூடமாக இருக்கிறது. வழிகாட்டி எங்களை ஓரிடத்தில் நிறுத்தி, அந்தக் கோடியில் கிசுகிசுப்பது இங்கே எப்படிக் கேட்கிறது என்று காட்டினார். ஆடம்ஸின் மேசை இருந்த இடத்தைக் காட்டினார். வாசலுக்கு மேலே தேர்ச் சக்கரத்தையே கடிகாரமாக வைத்து, அதன்மேல் வரலாற்று தேவதை ஏடும் கையுமாக நிற்கும் சிற்பம். 1819-இல் செய்தது, அந்த இரண்டு பிப்ரவரிகளிலும் அது அங்கேதான் இருந்தது. கூட்டம் நகர்ந்த பிறகு மகளிடம் சொன்னேன்: நீ கேட்டாயே, எடுக்கிறது யாரென்று. ஒரு சாயங்காலம் இங்கே 66 பேர் உட்கார்ந்து எடுத்தார்கள். அவள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மத்தவங்கெல்லாம் ஏன் வரலை?” என்றாள்.

வீட்டுக்கு வந்து சில வாரங்கள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். எந்தக் கட்சியையும் சேராதவர் என்ற கட்டத்தை நான் பெருமையோடுதான் தேர்ந்தெடுத்திருந்தேன். இரண்டு கட்சிகளிலும் எனக்குப் பிடிக்காதவை நிறைய இருக்கின்றன, இப்போதும் இருக்கின்றன. கட்சி சாராதவர்களையும் பிரைமரியில் அனுமதிக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அதற்காக எங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்குக் கடிதமும் எழுதினேன். ஆனால் அது மாறும்வரை வெளியே நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செப்டம்பரில் பதிவைத் திருத்தி, ஒரு கட்சியின் பெயருக்கு நேரே குறி வைத்தேன். மூன்று வாரத்தில் புது அட்டை தபாலில் வந்தது. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் கட்சியின் பெயர். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, இதனால் என்ன மாறும் என்று கேட்டாள். அடுத்த முறை அந்தத் தாத்தா நமக்கு வேறு தாள் தருவார் என்றேன்.